கார் பெயின்டில் மிஷின் சாண்டிங்: ஓரம், இடுக்கு, பாடி லைன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புத் தண்ணீர்க் கறை, ஆரஞ்சு பீல் (பெயின்ட் மேல் ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரியும் மேடுபள்ளம்), பாலிஷுக்கு மசியாத கீறல் ஆகியவற்றை எடுக்க டிஏ சாண்டர் (உப்புத்தாள் பேப்பர் டிஸ்க் மாட்டிய, சுழன்றபடியே சின்ன வட்டத்தில் அசையும் மிஷின்) வைத்துத் தேய்ப்பது இன்று சின்ன டீடெயிலிங் கடைகள் வரைக்கும் வந்துவிட்டது. பானட் நடுவிலும் கூரையிலும் கொஞ்சம் பழகியவர்கூட ஒழுங்காகத் தேய்த்துவிடுவார். பெயின்ட் போவதெல்லாம் கதவு ஓரத்திலும், கைப்பிடிக் குழியிலும், பாடி லைனிலும் (பேனலில் நீளமாக ஓடும் மடிப்புக் கோடு), டிக்கி விளிம்பிலும்தான். அந்த இடங்களைப் பற்றி வேலை கற்றுக்கொள்பவர்களும், சொந்தக் காரில் கை வைக்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஓரத்தில் மட்டும் ஏன் பெயின்ட் அவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறது?

இரண்டு காரணங்கள் ஒரே இடத்தில் சேர்கின்றன.

முதலாவது, அங்கே பெயின்டே குறைவு. ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்பில் தங்காது. பரப்பு இழுவிசை அதை இரண்டு பக்கமும் விலக்கிவிடும். அடுப்பில் வேகும்போது பெயின்ட் இளகி இன்னும் கொஞ்சம் விலகும். ஸ்பிரே அடித்தவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், ரோபோ அடித்திருந்தாலும், விளிம்பின் உச்சியில் படலம் மெலிந்துதான் இருக்கும்.

இரண்டாவது, அழுத்தம். 150 மி.மீ. டிஸ்க் சமதளத்தில் முழுசாக உட்கார்ந்தால் அதன் பரப்பு சுமார் 177 சதுர செ.மீ. மிஷினின் எடையும் கையின் பாரமும் அவ்வளவு இடத்திலும் பரவும். அதே டிஸ்க் ஒரு விளிம்பின் மேல் ஏறினால் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கோடுதான் தாங்குகிறது. மொத்த பாரமும் அந்தக் கோட்டில் இறங்கிவிடும். பெயின்ட் மிகவும் மெலிந்த இடத்தில் பேப்பர் மிகவும் ஆழமாகக் கடிக்கிறது. ஓரம் எரிந்துபோவதற்கு, அதாவது பெயின்ட் தேய்ந்து அடி தெரிவதற்கு, ஒரு நொடி கவனம் தவறினால் போதும் என்பது இதனால்தான்.

கிளியர் கோட் மொத்தம் எவ்வளவு இருக்கும்? அதில் எவ்வளவு தேய்க்கலாம்?

கம்பெனி பெயின்டில் தகட்டின் மேல் இடி கோட் (துருவைத் தடுக்க மின்சாரம் மூலம் படியவைக்கும் முதல் அடுக்கு) சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிரைமர் சுமார் 30, கலர் 15 அல்லது அதை ஒட்டி, அதற்கு மேல் நிறமில்லாத மேல் அடுக்கான கிளியர் 35 முதல் 50 வரை. மொத்தம் 100 முதல் 140 மைக்ரானுக்குள் பெரும்பாலான கார்கள் வரும். சில மாடல்களில் இன்னும் குறைவு.

கிளியர் 40 மைக்ரான் இருக்கிறதே, 30 வரை எடுக்கலாமே என்று கணக்குப் போடாதீர்கள். கலரை வெயிலிலிருந்து காப்பது கிளியருக்குள் இருக்கும் புற ஊதாத் தடுப்பான்கள். படலம் மெலிந்தால் பாதுகாப்பும் மெலியும். இன்று கார் பளபளவென்று போகும், சில கோடைகள் கழித்து கூரையில் வெள்ளை பூத்து உரியத் தொடங்கும். சாண்டிங், கம்பவுண்ட் (கீறல் எடுக்கும் அரைப்புப் பசை), ஃபினிஷிங் எல்லாம் சேர்த்து ஒற்றை இலக்க மைக்ரானுக்குள் வேலையை முடிக்கப் பார்ப்பது நல்லது. கம்பெனி கிளியர் ஒரு முறைதான் கிடைக்கும்.

கேஜ் (பெயின்டின் கனத்தை அளக்கும் கருவி) வைத்து ஓரத்தை அளந்துவிட்டுத் தேய்த்தால் பயமில்லையே?

அங்கேதான் கேஜ் கைவிடுகிறது. இரும்புத் தகட்டுக்குக் காந்த முறையிலும் அலுமினியத்துக்குச் சுழல் மின்னோட்ட முறையிலும் வேலை செய்யும் சாதாரண கேஜுக்கு, முனை முழுதும் சமமாக உட்காரவும் வேண்டும், சுற்றிலும் கொஞ்சம் உலோகமும் வேண்டும். விளிம்புக்கு நெருங்க நெருங்க, வளைவு கூடக் கூட, காட்டும் எண் பொய்யாகிவிடும். பிளாஸ்டிக் பம்பரில் அந்தக் கேஜ் எதுவுமே காட்டாது, அதற்கு அல்ட்ராசோனிக் வகை தேவை.

இன்னொன்று: கேஜ் சொல்வது மொத்தக் கனம். அதில் கிளியர் எவ்வளவு என்று அது சொல்லாது. பேனல் நடுவில் 120 காட்டுகிறது என்பதற்காக ஓரத்திலும் அதே கிளியர் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேஜின் உண்மையான பயன், தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்து, உங்கள் கையும் உங்கள் பேப்பரும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. சமதளத்தில் அதைத் தெரிந்துகொண்டு, ஓரத்தில் அதைவிடக் குறைவாகத் தேய்க்க வேண்டும்.

ஓரத்தைத் தேய்க்காமலேயே விட்டுவிடலாமா?

பல சமயங்களில் அதுதான் சரி. கீறலையும் கறையையும் முதலில் பாலிஷில் எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட கார்களின் கறை, மேலே படிந்த உப்பாக இருந்தால் கறை நீக்கி திரவத்திலேயே போய்விடும். கிளியரையே அரித்துக் குழி விழுந்திருந்தால்தான் பேப்பர் எடுக்க வேண்டும்.

ஆரஞ்சு பீல் எடுக்கும் வேலையில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் கண்ணாடி மாதிரி தட்டையாக்கிவிட்டு ஓரத்தில் ஒரு அங்குலம் பழைய தோலை விட்டால், டியூப் லைட் நிழல் பேனலில் நேராக வந்து ஓரத்தில் நெளிவது பளிச்சென்று தெரியும். ஓரத்தை நோக்கி வர வரத் தேய்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசி சில மில்லிமீட்டரை மட்டும் தொடாமல் விட்டால் கண் அதைப் பிடிக்காது.

எந்த சைஸ் மிஷின் வாங்குவது?

பெரிய பேனலுக்கு 150 மி.மீ. போதும். இடுக்குக்கு 75 மி.மீ. பேடு போட்ட டிஏ ஒன்று இருந்தால் பாதிக் கவலை தீரும். இன்னும் சின்ன இடங்களுக்கு 50, 32, 30 மி.மீ. பேடுகளும் உண்டு. ரூபஸ் நானோ, மிர்காவின் 32 மி.மீ. பேட்டரி சாண்டர் போன்றவை இந்த வேலைக்காகவே செய்யப்பட்டவை. ஆர்பிட் (பேடு அசையும் வட்டத்தின் அளவு) 3 மி.மீ. இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆர்பிட் பெரிதானால் வெட்டும் அதிகம், பக்கத்து விளிம்பில் இடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

சின்ன மிஷின் பத்திரமானது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 75 மி.மீ. டிஸ்க்கின் பரப்பு 150-இன் கால் பங்கு. 32 மி.மீ. டிஸ்க்கின் பரப்பு கிட்டத்தட்ட இருபத்திரண்டில் ஒரு பங்கு. பெரிய மிஷினில் பழகிய அதே கையழுத்தத்தை 32-இல் கொடுத்தால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 22 மடங்கு அழுத்தம் இறங்குகிறது. சின்ன மிஷினைப் பிடிக்கும்போது பெயின்டின் மேல் அதன் சொந்த எடைகூட முழுசாக இறங்காமல் கை தாங்கிப் பிடிக்க வேண்டும். வேகத்தையும் பாதிக்குக் கீழே வையுங்கள்.

காற்றில் ஓடும் மிஷின் என்றால் கம்ப்ரசர் லைனில் தண்ணீர் பிரிப்பான் அவசியம். கரன்ட் மிஷினோடு ஈரச் சாண்டிங் செய்வது உயிருக்கே ஆபத்து. ஈர வேலைக்குக் காற்று மிஷினையோ, ஈரத்தில் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லும் பேட்டரி மிஷினையோ எடுங்கள்.

இன்டர்ஃபேஸ் பேடு போட்டால் ஓரம் தப்புமா?

பாதி தப்பும். மிஷின் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மாட்டும் இந்த 5 அல்லது 10 மி.மீ. ஸ்பாஞ்ச் பேடு, டிஸ்க்கை வளைவோடு படியவைக்கும். ஃபெண்டர் வளைவு, கைப்பிடிக் குழி, பம்பர் மடிப்பு போன்ற இடங்களில் அது இல்லாமல் வேலை செய்யவே கூடாது.

ஆனால் விளிம்பைத் தாண்டி டிஸ்க் வெளியே நீண்டால், அதே மென்மைதான் எதிரி. ஸ்பாஞ்ச் விளிம்பைச் சுற்றிக் கீழே மடங்கி, மேல் பக்கம், உச்சி, பக்கவாட்டு மூன்றையும் ஒன்றாகத் தேய்க்கும். கடினமான பேடு அப்படி மடங்காது. ஆனால் டிஸ்க்கின் மையம் விளிம்பைத் தாண்டிய நொடியில் மிஷின் கவிழ்ந்து ஓரத்தைக் கடிக்கும். எந்தப் பேடாக இருந்தாலும் டிஸ்க்கை ஓரத்துக்கு உள்ளேயே நிறுத்துங்கள்.

டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது கற்றுக்குட்டிகள் வேலை என்கிறார்களே?

கைதேர்ந்தவர்கள்தான் டேப்புக்கு அதிக நேரம் செலவழிப்பார்கள். கதவு ஓரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் ஓரத்தை ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடையுங்கள், மெழுகு இருந்தால் டேப் பிடிக்காது. 6 மி.மீ. டேப்பை விளிம்பின் மேல் பாதி, பேனலின் மேல் பாதி வருமாறு ஒட்டுங்கள். 3 மி.மீ. பேனலுக்குள் இருக்கும், மீதியைப் பக்கவாட்டில் மடித்து விரல் நகத்தால் நீவி விடுங்கள். ஈர வேலை என்றால் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. மிஷின் தெரியாமல் மேலே ஏறினால் முதலில் மேல் டேப்பின் நிறம் வெளுக்கும், நார் எழும்பும். பெயின்டைத் தொடுவதற்கு முன்னால் உங்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அது.

மிஷின் வேலை முடிந்ததும் டேப்பைப் பேனலோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுங்கள். டேப் இருந்த இடம் பளபளப்பாகவும் பக்கத்தில் மங்கலாகவும் ஒரு கோடு தெரியும். அதை 3000 நம்பர் பேப்பரை (நம்பர் கூடக் கூட மணல் நைசாகும்) கையில் எடுத்து, மென்மையான ஒரு பேடின் மேல் வைத்து, விளிம்புக்கு இணையாக ஓரிரு இழுப்பு இழுத்துக் கலக்கிவிட்டால் போதும். விளிம்புக்குக் குறுக்கே தேய்க்கக் கூடாது, குறுக்கே போகும் ஒவ்வொரு இழுப்பும் உச்சியை வெட்டும்.

டேப்பை வெயிலில் மறந்துவிட்டால் பசை பிடித்துக்கொள்ளும். புதிதாக அடித்த கிளியரில் டேப் தடம்கூட விழும். வேலை முடிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

பாடி லைனை எப்படிக் கடப்பது?

கடக்காதீர்கள். பக்கவாட்டில் முன் ஃபெண்டரிலிருந்து பின் விளக்கு வரைக்கும் ஓடும் கோட்டை, இரண்டு தனிப் பேனல்களுக்கு இடையே உள்ள எல்லையாக நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் மெல்லிய டேப், மேல் பக்கம் தனி வேலை, கீழ்ப் பக்கம் தனி வேலை. மிஷின் கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். டேப்பை எடுத்த பிறகு கையால் கலக்க வேண்டியதுகூட இல்லை, பெரும்பாலும் பாலிஷே அந்தச் சின்ன வித்தியாசத்தை மூடிவிடும்.

பெயின்ட் போகாவிட்டாலும் இன்னொரு சேதம் இங்கே உண்டு. கூர்மையான கோட்டை மிஷின் ஓட்டி ஓட்டி மழுங்கடித்துவிட்டால், அந்தப் பக்கத்து கதவில் மட்டும் கோடு மங்கலாகத் தெரியும். வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்தால் எந்தப் பேனலில் கை வைத்தார்கள் என்று யாருக்கும் புரிந்துவிடும்.

கைப்பிடிக் குழி, மிரர் அடி, எழுத்து சின்னங்கள் இருக்கும் இடம்?

கழற்ற முடிந்ததைக் கழற்றிவிடுங்கள். பத்து நிமிடம் கழற்றினால் அரை மணி நேர நடுக்கம் மிச்சம். பல கார்களில் கதவுக் கைப்பிடி, கதவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ரப்பர் மூடிக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைத் திருகில்தான் நிற்கிறது. டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைச் சற்றுச் சூடாக்கி, தூண்டில் நைலான் நூலை அடியில் விட்டு அறுத்தால் பெயின்டைத் தொடாமல் வந்துவிடும். கண்ணாடி ரப்பர்களை மெல்லிய கயிறு செருகித் தூக்கிவிடலாம்.

கைப்பிடிக் குழியில் பெரும்பாலும் நகக் கீறல்களும் மோதிரக் கீறல்களும்தான். ஆழம் குறைவு. 32 மி.மீ. மிஷினில் இன்டர்ஃபேஸ் போட்டு, குழியின் நடுவில் மட்டும் வேலை செய்து, குழியின் உதட்டுக்கு வரும் முன் நிறுத்திவிடுங்கள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வைப்பதும் எடுப்பதும் வேண்டாம்: வைத்த பிறகு ஓட்டுங்கள், நின்ற பிறகு எடுங்கள். பெரிய பேனலில் காட்டும் அவசரம் இங்கே உதட்டில் இடிப்பதில்தான் முடியும்.

மிஷின் போகாத இடத்தில் விரல் நுனியில் பேப்பரைச் சுற்றித் தேய்ப்பது பட்டறைகளில் சாதாரணம். விரலின் அழுத்தம் சமமில்லை, வாய்க்கால் வாய்க்காலாகக் குழி விழும். பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரைத் தேவையான வடிவத்துக்கு வெட்டி, அதன் மேல் பேப்பரைச் சுற்றினால் அருமையான சின்னக் கட்டை கிடைக்கும்.

எந்த நம்பர் பேப்பரில் ஆரம்பிப்பது?

சமதளத்தில் 1500 அல்லது 2000-இல் ஆரம்பிக்கும் வேலையாக இருந்தாலும், இடுக்கிலும் ஓரத்துக்கு அருகிலும் 3000-இல் ஆரம்பியுங்கள். கணக்கு எளிது: 1500 நம்பர் பேப்பரின் மணல் சராசரி 12.6 மைக்ரான், 2000-இல் 10.3. அந்த மணல் போட்ட கீறலை எடுக்க, பின்னால் கம்பவுண்ட் நிறைய ஓட வேண்டும். இடுக்கில் பாலிஷ் மிஷினே சரியாக நுழையாது என்னும்போது, ஆழமான கீறலை அங்கே போட்டு வைத்தால் அதை எடுக்க வழியே இருக்காது. ஆகவே அங்கே சாண்டிங்கை 5000 வரை கொண்டுபோய் முடியுங்கள். பாலிஷுக்கு மிச்சமிருக்கும் வேலை மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

ஈரமாகவா, உலர்வாகவா?

ஸ்பாஞ்ச் டிஸ்க்குகள் கொஞ்சம் ஈரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். த்ரீஎம் டிரைசாக்ட் 3000, 5000 இரண்டுமே லேசான தெளிப்போடு பயன்படுத்த வேண்டியவை. ஃபிலிம் டிஸ்க்குகளை (மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மணல் ஒட்டியவை) உலர்வாக, தூசி உறிஞ்சியோடு ஓட்டலாம். ஓரத்துக்கு அருகில் உலர் வேலையில் ஒரு வசதி, எங்கே தொட்டிருக்கிறோம் என்பது உடனுக்குடன் தெரியும். ஈரத்தில் தண்ணீர் பளபளப்பைக் காட்டி ஏமாற்றிவிடும், அடிக்கடி துடைத்துப் பார்க்க வேண்டும்.

தெளிக்கும் பாட்டிலில் போர் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரில் இரண்டு சொட்டு கார் ஷாம்பு போதும். உலர்வோ ஈரமோ, மாஸ்க் கட்டாயம். புதிதாக அடித்த டூகே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிப்பது) முழுசாக ஆறாத நிலையில் அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்யும் தம்பிகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. கடைக்காரர்கள் தயவுசெய்து நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

கிளியர் போகப்போகிறது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

வழியும் கரைசலைப் பாருங்கள். கிளியரைத் தேய்க்கும்போது கரைசல் அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் வரும். அதில் காரின் கலர் லேசாகத் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கலர் அடுக்கைத் தொட்டுவிட்டீர்கள். கிளியரே இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் அடித்த பழைய கார்களில் முதலிலிருந்தே கலர் வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதனால் எந்தக் காராக இருந்தாலும் கண்ணில் படாத ஒரு சமதளத்தில் கையால் தேய்த்து முதலில் கரைசலின் நிறத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளைக் காரில் இந்த அடையாளம் உதவாது. அங்கே டேப்பையும் கையடக்கத்தையும்தான் நம்ப வேண்டும்.

சுருள் சுருளாகக் கீறல் விழுகிறதே?

டிஸ்க்குக்கும் பெயின்டுக்கும் இடையே ஒரு மணலோ, கட்டிபிடித்த தூசியோ சிக்கியிருக்கிறது. இடுக்கில் இது அதிகம் வரும், ரப்பர் ஓரத்திலும் பேனல் இடைவெளியிலும் இருக்கும் அழுக்கை மிஷின் வாரி எடுத்துக்கொள்ளும். இடைவெளிகளைக் காற்றடித்து, பிரஷ் போட்டுக் கழுவிய பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும். டிஸ்க்கை அடிக்கடி துடையுங்கள், அடைத்துப்போனால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பம்பரில் என்ன வித்தியாசம்?

பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது. தகட்டில் பரவி ஆறும் சூடு இங்கே ஒரே இடத்தில் தேங்கும். ஃபாக் லேம்ப் ஓரத்திலும் கிரில் ஓரத்திலும் அழுத்தினால் பிளாஸ்டிக் உள்வாங்கி, விட்டதும் மேலே வரும், தேய்ப்பு எங்கே விழுகிறது என்று கணிக்க முடியாது. முடிந்தவரை கைவேலை, குறைந்த வேகம், அடிக்கடி இடைவெளி. புறங்கையை வைத்தால் சுடுகிறது என்றால் ஆறவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். பெயின்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக்கை முழுசாக டேப்பால் மூடுங்கள். சொரசொரப்பில் கம்பவுண்ட் புகுந்தால் வெள்ளையாக நின்றுவிடும்.

மேட் ஃபினிஷ் காராக இருந்தால் எந்தப் பேனலிலும் சாண்டிங்கோ பாலிஷோ கிடையாது.

ரீபெயின்ட் செய்த காரில் பெயின்ட் கனமாக இருக்குமே, தைரியமாகத் தேய்க்கலாமா?

கேஜ் 250-க்கு மேல் காட்டினால் மறுபடி அடித்திருக்க வாய்ப்பு அதிகம், 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கலாம். அந்தக் கனம் பழைய பெயின்டிலும் பிரைமரிலும் பட்டியிலும் இருக்கிறது. மேலே கிளியர் எத்தனை கோட் என்பது அடித்தவருக்குத்தான் தெரியும். அடிப்பதற்கு முன் பழைய ஓரத்தைப் பேப்பர் போட்டு நன்றாகத் தேய்த்திருப்பார்கள், பிறகு ஓரத்தில் ரன் (பெயின்ட் வழிந்த தடம்) விழக் கூடாதென்று கிளியரைக் கம்மியாக இழுத்திருப்பார்கள். ரீபெயின்ட் காரின் ஓரத்தை நான் கம்பெனிக் காரின் ஓரத்தைவிடக் குறைவாகவே நம்புவேன்.

சாண்டிங்கில் தப்பிய ஓரம் பாலிஷில் எரிவது ஏன்?

டேப்பை எடுத்துவிட்டோம், ஆபத்து முடிந்தது என்ற நினைப்புதான் காரணம். ரோட்டரியில் (அசைவில்லாமல் ஒரே மையத்தில் சுழலும் பாலிஷ் மிஷின்) உல்லன் பேடு போட்டு ஓரத்தில் நின்றால் பேப்பரைவிட வேகமாக எரியும், கூடவே சூடு. கம்பவுண்ட் அடிக்கும்போதும் ஓரத்துக்குப் புது டேப் ஒட்டுங்கள். ரோட்டரி என்றால் பேடு சுழலும் திசை பேனலிலிருந்து ஓரத்தைத் தாண்டி வெளியே போகுமாறு பிடியுங்கள். வெளியிலிருந்து ஓரத்தின் மேல் ஏறும் திசையில் பிடித்தால் விளிம்பை அரைத்துவிடும். டேப்பை எடுத்த பிறகு, கடைசி ஃபினிஷிங்கை மட்டும் சின்ன ஸ்பாஞ்ச் பேடில் ஒரு சுற்று ஓட்டலாம்.

எரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் சுற்றிலும் தேய்ப்பதை நிறுத்துங்கள். சமப்படுத்தப் பார்த்தால் பொத்தல் பெரிதாகும். கதவு விளிம்பில் நூல் போல மெல்லிய கோடு மட்டும் போயிருந்தால், சுத்தம் செய்து, மெல்லிய பிரஷால் டச்சப் கலரும் கிளியரும் வைத்து அப்படியே விட்டுவிடலாம். அது பக்கத்தில் வந்து தேடினால்தான் தெரியும்.

பேனல் முகத்தில் போயிருந்தால் கலரைத் தொட்டு, முழுப் பேனலுக்கும் கிளியர் அடிப்பதுதான் நிலைக்கும் வழி. பேனல் நடுவில் கிளியரைக் கரைத்து மறைக்கும் வேலை அப்போதைக்கு அழகாக இருக்கும், நாளடைவில் அந்த எல்லை வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். மெட்டாலிக், முத்துக் கலர்களில் பக்கத்துப் பேனல் வரை கலரை இழைக்க வேண்டி வரலாம். எரிந்ததை மெழுகு போட்டு மறைத்துக் காரை ஒப்படைப்பது ஓனருக்குச் செய்யும் துரோகம். மழை இரண்டு முறை பெய்தால் மெழுகு போய்விடும்.

நான் செய்யவில்லை, கடையில்தான் கொடுக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

மூன்று கேள்விகள். தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு பேனலிலும் கேஜ் வைத்து எழுதித் தருவீர்களா? ஓரத்தையும் பாடி லைனையும் எப்படிக் காப்பீர்கள்? எந்தெந்த இடத்தில் கறையும் கீறலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்?

மூன்றாவது கேள்விக்கு "ஒன்றும் இருக்காது, நூறு சதவீதம் எடுத்துவிடுவோம்" என்று சொல்பவரிடம் பாலிஷ் மட்டும் போடச் சொல்லுங்கள். காரைச் சுற்றி நடந்து வந்து, "இந்தக் கதவு ஓரத்தை விட்டுவிடுவேன், டிக்கி உதட்டில் இவ்வளவுதான் வரும்" என்று விரல் வைத்துக் காட்டுபவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.